எங்கள் பக்கத்தில் செத்துப்போன சோழர்கள்

சோழர் கோயில் பார்க்கணும் என்றால் எல்லோரும் தஞ்சாவூர் பஸ்தான் ஏறுகிறார்கள். பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபி, வீடு. நானும் போயிருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் ஜெயித்து முடித்தவன் நிதானமாக உட்கார்ந்து கட்டியது. ஜெயிப்பதற்கு முன்னால் என்ன பாடுபட்டான் என்று அங்கே நின்றால் தெரியாது. அதற்கு எங்கள் பக்கம் வரணும்.

எங்கள் பக்கம் என்றால் நகரி. மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மலையை ரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டில் தமிழ், தறிப் பட்டறையில் பாதி தெலுங்கு, ரேஷன் கார்டில் முழுத் தெலுங்கு. 1960-ல் எல்லை பிரித்தபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரப் பக்கம் நின்றோம். இந்த வட்டாரத்தில்தான், 907-க்குப் பிறகான அரை நூற்றாண்டில், ஒரு சோழ ராஜா, ஒரு பட்டத்து இளவரசன், இன்னொரு சோழ ராஜா என்று மூன்று பேர் உயிரை விட்டார்கள். மூன்று இடமும் என் வீட்டிலிருந்து காலையில் பைக் எடுத்தால் சாயங்காலம் திரும்பிவிடும் தூரம். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

முதலில் போனது தொண்டமநாடு. புத்தூர், ரேணிகுண்டா, ஏர்ப்பேடு வழியாகக் காளஹஸ்தி, அங்கிருந்து கொஞ்ச தூரம். மச்சான் வண்டி ஓட்டினான். காளஹஸ்தியில் ராகு கேது பூஜைக் கூட்டத்துக்குள் வண்டியை நுழைப்பதே ஒரு பரிகாரம்தான். கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய பெரிய கோபுரம் 2010-ல் சரிந்து விழுந்து, அதே இடத்தில் புதுசாகக் கட்டி 2017-ல் கும்பாபிஷேகம் ஆனது. புதுக் கோபுரத்தைக் கீழிருந்தே கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

தொண்டமநாட்டில் போய் 'சோழர் கோயில் எங்கே' என்று கேட்டால் வேலைக்காகாது. அந்த ஊருக்கு ராஜா என்றால் தொண்டமான் சக்கரவர்த்தி. திருமலை தலபுராணத்தில் வரும் ஆகாசராஜனின் தம்பி, பத்மாவதித் தாயாருக்குச் சித்தப்பா. யாரைக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்லி வெங்கடேஸ்வரர் கோயிலுக்குத்தான் கை காட்டுகிறார்கள். 'கோதண்டராமேஸ்வரம்' என்று கேட்டால் அடுத்த குழப்பம். ராமர் கோயில் என்று நினைத்து வேறு பக்கம் அனுப்புவார்கள். இது சிவன் கோயில். கோதண்டராமன் என்பது முதலாம் ஆதித்த சோழனின் பட்டப்பெயர். அவன் பெயரால் அவன் மகன் முதலாம் பராந்தகன் எழுப்பிய பள்ளிப்படை இது. ஆதித்தேஸ்வரம் என்றும் கல்வெட்டில் பெயர் உண்டு. பள்ளிப்படை என்றால் தெரியும் இல்லையா, இறந்த அரசனின் நினைவாக, அவனை அடக்கிய இடத்தில் எழுப்பும் கோயில்.

'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்' என்று பிற்காலக் கல்வெட்டுகள் சொல்வது இந்த ஆதித்தனைத்தான். காவிரிக் கரையில் பிறந்தவன் இவ்வளவு தூரம் வந்து இறந்திருக்கிறான். அவன் அப்பன் விஜயாலயன் 850 வாக்கில் முத்தரையர்களிடமிருந்து தஞ்சாவூரைப் பிடித்து நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தபோது சோழர்கள் வெறும் குறுநிலக்காரர்கள், பல்லவனுக்கு அடங்கியவர்கள். திருப்புறம்பியத்தில் பல்லவன் அபராஜிதனும் பாண்டியன் வரகுணனும் மோதியபோது ஆதித்தன் பல்லவன் பக்கம் நின்றான். பல்லவன் ஜெயித்தான், ஆனால் லாபம் ஆதித்தனுக்கு. சில வருஷம் பொறுத்திருந்து அதே அபராஜிதன் மேல் பாய்ந்தான். உயர்ந்த யானை மேல் இருந்த பல்லவ அரசன் மீது தாவி அவனைக் கொன்றான் என்கிறது வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு. அதற்குப் பிறகு 'தொண்டைநாடு பாவின', அதாவது தொண்டைநாடு முழுக்கப் பரவிய சோழன் ஆனான். இந்தக் 'கொன்றான்' கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு வம்சப் பெருமை என்பது என் சந்தேகம். ஆனால் தொண்டைநாடு கைமாறியது நிஜம். சஹ்யமலை என்கிற மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கடல் வரை காவிரியின் இரு கரையிலும் சிவனுக்குக் கற்கோயில்கள் எடுத்தவன் என்று அன்பில் செப்பேடு அவனைப் புகழ்கிறது. அந்தக் கோயில்களுக்கெல்லாம் பலம் இங்கே வடக்கே பிடித்த நாட்டில் இருந்துதான் வந்தது என்பது என் கட்சி.

அவ்வளவு கோயில் கட்டியவனுக்கு வாய்த்த கோயில் அளவில் சின்னது. நான் சுவரைவிட அடிப்பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். அதிட்டானத்தில் எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. எழுத்தின் பள்ளங்களில் பழைய சுண்ணாம்பு கட்டியாக அடைத்துக்கொண்டிருக்கிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாட்டர் பாட்டிலில் இருந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து மேலெழும்பி வருகிறது. நேராக அடித்தால் வெறும் கல்தான் தெரியும். 'கோ' தெரிந்தது. கொஞ்சம் தள்ளி 'கேசரி' தெரிந்தது. மச்சானும் என் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தடவிக்கொண்டே வந்தான். பூசாரி எங்கள் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இதி தமிழமா?" என்றார். இது தமிழா என்கிறார்.

"அவுனண்டி" என்றான் மச்சான்.

"ஏம் ராசாரு?" என்ன எழுதியிருக்கிறார்கள் என்கிறார் பூசாரி.

பராந்தகனின் 34-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது ஒன்று இங்கே உண்டு, திருவிழா நாட்களில் பல சமயத்தாருக்கும் சோறு போட ஏற்பாடு செய்தது என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். பூசாரி சிரித்தார். "இப்புடு எவரு பெடதாரு?" இப்போது யார் போடுகிறார்கள் என்கிறார். தீபாராதனைத் தட்டில் அன்று எங்கள் காசு மட்டும்தான் விழுந்திருந்தது.

திரும்பும் வழியில் குடிமல்லம் போகலாம். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்து லிங்கம், அதன் முகப்பில் ஒரு குள்ளன் தோள்மேல் நிற்கும் சிவன். சோழர்கள் அங்கும் கை வைத்திருக்கிறார்கள், ஆனால் அதைப் பற்றித் தனியாகத்தான் எழுதணும்.

தக்கோலத்துக்குத் திருத்தணி, அரக்கோணம் வழியாகப் போனோம். சி.ஐ.எஸ்.எஃப். பயிற்சி மையம் இருக்கும் ஊர் என்றால் பலருக்குத் தெரியும். ஜலநாதேஸ்வரர் கோயில், சம்பந்தர் பாடிய திருஊறல். தட்சிணாமூர்த்தி இங்கே வழக்கமான வீராசனத்தில் இல்லாமல் உத்குடிகாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக மட்டுமே வரலாம். கோயிலில் ஆதித்தனின் 24-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பிருதிவிபதி என்ற கங்க வம்சத்து அரசன் சாமிக்கு வெள்ளிப் பாத்திரம் கொடுத்த சேதி. அந்தக் கல்வெட்டில் வரும் சூரிய கிரகணத்தை வைத்துத்தான் ஆதித்தன் பட்டமேறிய ஆண்டு 871 என்று கணக்குப் போட்டார்கள்.

ஆதித்தனுக்கு அடங்கி ஒரு கங்கன் வெள்ளி கொடுத்த அதே ஊரில், சில பத்தாண்டுகள் கழித்து, இன்னொரு கங்கன் ஆதித்தனின் பேரனைக் கொன்றான். 949. பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் ஒரு பக்கம், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் மறுபக்கம். கிருஷ்ணனுக்குத் துணை வந்த கங்கன் பூதுகன் ராஜாதித்தனை வீழ்த்தினான். யானை மேல் இருந்தபடியே நெஞ்சில் அம்பு தைத்து இறந்தான் என்கிறது லெய்டன் செப்பேடு. சோழர்களும் அவனை 'ஆனைமேல் துஞ்சின உடையார்' என்றே குறிக்கிறார்கள். தாத்தா பெயர் வாங்கியது யானை மேல் இருந்தவனைக் கொன்று, பேரன் பெயர் வாங்கியது யானை மேலேயே செத்து.

அவ்வளவு பெரிய சண்டைக்குத் தக்கோலத்தில் ஒரு கல் கிடையாது. கல் இருப்பது கர்நாடகத்தில், அதுவும் ஒரு நாய்க்கு. மண்டியா பக்கத்து ஆதகூரில் நட்ட நடுகல் அது, இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலத்தில் நன்றாகச் சண்டை போட்ட மணலேரன் என்ற வீரனை பூதுகன் மெச்சி, 'என்ன வேண்டும், கேள்' என்கிறான். அவன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. பூதுகனின் வேட்டைநாய் காளியைக் கொடு என்கிறான். அந்தக் காளி பிறகு ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு மோதி, பன்றியும் செத்து, நாயும் செத்தது. அதற்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டு, அந்தக் கல்லிலேயே ராஜாதித்தன் விழுந்த கதையையும் எழுதிவைத்தார்கள். ஒரு சோழ இளவரசன் சாவுக்கு முக்கியமான சாட்சி ஒரு நாயின் நடுகல். மச்சானுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "மாமா, ராஜாவைக் கொன்னதுக்கு நாய் கேட்டானா? நல்ல ஆளா இருந்திருப்பான்" என்றான்.

எனக்குப் பிடித்த ஆள் வேறு. ராஜாதித்தனின் படைத்தலைவர்களில் வெள்ளங்குமரன் என்று ஒரு மலையாள நாட்டான். சண்டைக்குச் சில வருஷம் முன்னால்தான் திருமுனைப்பாடியில் கிராமம் என்னும் ஊரில் கற்கோயில் கட்டியவன். தலைவன் விழுந்தபோது கூடவே சாகக் கொடுத்துவைக்கவில்லை. பிறகு வாளை வைத்துவிட்டுத் திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதர் என்ற பெயரில் துறவியாக வாழ்ந்தான். ராஜாக்களின் மெய்க்கீர்த்தி எல்லாம் படித்துவிட்டு இவன் கதைக்கு வந்தால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

தக்கோலத்தோடு சோழர் கதை முடிந்திருக்க வேண்டியது. கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். தொண்டைநாட்டில் ஊருக்கு ஊர் கன்னரதேவன் என்ற அவன் பெயரில் கல்வெட்டுகள். ஆதித்தனும் பராந்தகனும் பாணர், வைதும்பர் என்று குறுநில வம்சங்களை ஒவ்வொன்றாக அடக்கி, நெல்லூர் வரைக்கும் படை அனுப்பிச் சேர்த்த நாடு ஒரே சண்டையில் போயிற்று. இந்த இடத்தைத்தான் தஞ்சாவூர் கைடுகள் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். விஜயாலயன் என்பார்கள், உடனே ராஜராஜன் என்பார்கள்.

மேல்பாடி போனது இந்த நடுப்பகுதிக்காகத்தான். நகரியிலிருந்து பள்ளிப்பட்டு, சோளிங்கர், பொன்னை என்று போகிற ரோடு. பள்ளிப்பட்டில் சாப்பிட்ட இட்லிக்கு வைத்த காரச்சட்னியில் எங்கள் ஆந்திர நாக்கே திணறியது. எல்லை தாண்டினால் காரம் குறையும் என்பதெல்லாம் சும்மா. சித்தூர்ப் பக்கம் நீவா என்று ஓடிவரும் ஆறு இங்கே பொன்னை ஆறு. நாங்கள் போனபோது மணல்தான் ஓடியது.

மேல்பாடியில் ரோட்டின் இந்தப் பக்கம் சோமநாதேஸ்வரர், அந்தப் பக்கம் சோழேஸ்வரர். இரண்டும் ராஜராஜன் எடுப்பித்தவை. சோமநாதேஸ்வரர் கல்வெட்டில் சோழேந்திரசிங்க ஈஸ்வரம். பெரிய மதில், வழிபாடு, கூட்டம் எல்லாம் அதற்குத்தான். எதிரே புல்தரையும் தொல்லியல் துறைப் பலகையுமாகத் தனியாக நிற்கும் சின்னக் கோயில்தான் நாங்கள் தேடிப்போனது. 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்க்குப் பள்ளிப்படையாக' ராஜராஜன் எடுத்தது. ஆற்றூரில் இறந்தவர் அரிஞ்சயன், பராந்தகனின் இன்னொரு மகன், ராஜராஜனுக்குத் தாத்தா. கொஞ்ச காலமே ஆண்டவர். அவருடைய தாத்தாதான் தொண்டமநாட்டில் நாங்கள் பார்த்த ஆதித்தன்.

பள்ளிப்படையைச் சுற்றி வந்தேன். தஞ்சாவூர் விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அதே ராஜராஜன், ஏறக்குறைய அதே காலம். ஆனால் இங்கே விமானத்தின் உச்சியைத் தலையை லேசாகத் தூக்கினாலே பார்த்துவிடலாம். கல் வேலை மட்டும் நறுக்கென்று இருக்கிறது. தூண் மாதிரி சுவரில் எழும்பும் அரைத்தூண்களின் விளிம்பு இன்னும் மழுங்கவில்லை.

இதைவிட முக்கியமானது இந்த இடம். 959-ல் மூன்றாம் கிருஷ்ணன் படையோடு முகாம் போட்டிருந்த ஊர் இதே மேல்பாடி. மகாராஷ்டிரத்தில் கிடைத்த கர்ஹாட் செப்பேடு அதைச் சொல்கிறது. பிடித்த தென்னாட்டைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட இங்கேதான் உட்கார்ந்திருந்தான். தாத்தாவின் நாட்டை எதிரி பங்கு போட்ட முற்றத்திலேயே பேரன் ராஜராஜன் வந்து தாத்தாவுக்குக் கோயில் வைத்திருக்கிறான். ஊருக்கே ராஜாச்ரயபுரம் என்று தன் பட்டப்பெயரைச் சூட்டியிருக்கிறான். இது பாசமா, அரசியலா என்றால் இரண்டும்தான் என்பேன், அரசியல் ஒரு பங்கு கூடவே. 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில் ஊருக்குச் சொன்ன சேதி. மேல்பாடி, ராஷ்டிரகூடர்களின் இடத்தைப் பிடித்துவிட்ட சாளுக்கியர்களுக்கும் வடக்கெல்லைக் குறுநிலக்காரர்களுக்கும் சொன்ன சேதி.

மச்சான் பலகையில் இருந்த ஆங்கிலத்தை முழுசாகப் படித்துவிட்டு, "இவங்க எல்லாரையும் இங்க கூட்டியாந்து சாவடிச்சது யாரு மாமா, நம்ம ஊரு ராசியா?" என்றான். நெல்லும் வரியும் என்றேன். தொண்டைநாட்டை வைத்திருப்பவன்தான் பெரிய ராஜா, அதை வைத்திருக்க வடக்கு வாசலில் காவல் இருந்தே ஆகணும், காவலுக்கு வந்தவன் சாகத்தான் செய்வான். அவனுக்கு அந்தப் பதில் போதவில்லை, வழியெல்லாம் காளி நாயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

போகிறவர்களுக்கு: மேல்பாடிக்கு வந்தவர்கள் திருவல்லத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், பாணர்களின் வாணபுரம் அதுதான், வில்வநாதேஸ்வரர் கோயிலில் கல்வெட்டு ஏராளம். சோழேஸ்வரம் பூட்டியிருந்தால் எதிர்க் கோயிலில் விசாரியுங்கள். தொண்டமநாட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், சாய்வு வெயில் சுவரில் படும் நேரத்தில் டார்ச் இல்லாமலே எழுத்து தெரியும். பூசாரி தட்டில் ஏதாவது போடுங்கள்.