39 குரூப் போட்டோவும் 27ஆம் எண்ணும்

அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. குரூப் போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் நிலைக்கு மேலே முன்பக்கம் சாய்ந்தபடி தொங்கிக்கொண்டிருக்கும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது எங்கள் வீட்டில் நாலு வரிசை ஓடு போனது. படம் விழவில்லை, நனைந்தது. விழுந்த மரத்தை வெட்டி, ஓடு மாற்றி, கரண்டு வருவதற்குள் அதை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தபோது படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அப்படியே பத்து வருஷத்துக்கு மேல் தொங்கியது.

போன தை மாதம் அதை இறக்கினேன். ஒரு படத்தைச் சரி பண்ணலாம் என்று உட்கார்ந்தவன், இந்த ஆவணிக்குள் கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர், முதுநகர் என்று 22 வீடு ஏறி இறங்கி 39 குரூப் போட்டோ சேர்த்துவிட்டேன். எல்லாம் பழைய பள்ளிக்கூடப் படங்கள். மூத்தது 1948, கடைக்குட்டி 1989. எது கைகூடியது, எது சொதப்பியது என்று எழுதி வைக்கிறேன்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தை உரிக்கக் கூடாது. இதை உரித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் இருப்பது தாளுக்கு மேலே பூசிய ஜெலட்டின் படலத்தில், வெள்ளித் துகள்களாக. ஈரம் பட்டால் ஜெலட்டின் பசை மாதிரி இளகும்; கண்ணாடி தொட்டுக்கொண்டிருந்தால் அதோடு சேர்ந்து காய்ந்துவிடும். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. ஹேர் டிரையரால் சூடு காட்டி, ஓரத்தில் பிளேடு விட்டு நெம்பினேன். முக்கால்வாசி அழகாக வந்தது. வந்ததும் தைரியம் வந்துவிட்டது, இழுத்தேன். மேல் வரிசை வலது ஓரத்தில் மூன்று பேரின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. தாளில் அந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "விடுடா, அவனுங்க மூணு பேரும் கிளாஸ்லயும் இருக்க மாட்டானுங்க" என்றார்.

அவர் விட்டாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் அந்தக் கண்ணாடியையே ஸ்கேனரில் வைத்து, மேலே வெள்ளைத் தாள் போட்டு ஸ்கேன் செய்தேன். மூன்று முகமும் மங்கலாக, ஆனால் மூக்கு முழியோடு வந்தன. கணினியில் அவற்றை வெட்டி வெள்ளை விழுந்த இடத்தில் பொருத்தினேன். உற்றுப் பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும், தெரியட்டும். அந்தக் கண்ணாடியையும் தாளில் சுற்றி, மேலே எழுதி, படத்தோடு வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் ஒட்டிய நிலையில் கிடைத்த நாலு படங்களை நான் தொடவே இல்லை. சட்டத்தோடு மேசையில் கிடத்தி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புப் போர்வை கட்டி, கண்ணாடி வழியாகவே எடுத்தேன். போர்வை இல்லாவிட்டால் தலைமையாசிரியர் மூக்கில் என் முகம் பிரதிபலிக்கும்.

ஒட்டாத படங்களுக்கு வீட்டில் இருந்த ஏ4 ஸ்கேனர். குரூப் போட்டோ பெரும்பாலும் 10க்கு 12 அங்குலம். அட்டையோடு சேர்த்தால் இன்னும் பெரிது. மூடியைக் கழற்றிவிட்டு நாலு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறுகிற மாதிரி ஸ்கேன் செய்து, ஹியூஜின் என்ற இலவச மென்பொருளில் இணைக்கிறேன். முதலில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, போதும் என்று நினைத்தேன். ஐம்பது பேர் உட்கார்ந்த படத்தில் ஒரு முகம் 8 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. 300இல் அது 94 புள்ளி அகலம். பெரிதாக்கினால் கண்ணும் மீசையும் கட்டம் கட்டமாக உடைகின்றன. 600இல் 189 புள்ளி. எழுபது வயதுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்க்கும்போது இந்த வித்தியாசம்தான் பெயரைக் கொண்டுவருகிறது. ஒரு படம் 130 எம்பி வரை போகிறது, போகட்டும்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். கலர் ஸ்கேன் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல், அதாவது மூன்று தனிப் படங்கள், சேர்ந்தது. மஞ்சள் கறை, டீக்கறை எல்லாம் நீலச் சேனலில் அப்பட்டமாகத் தெரியும், சிவப்புச் சேனலில் கிட்டத்தட்ட காணாமல் போகும். சிவப்பை மட்டும் எடுத்தால் பாதிக் கறை தானாகவே போய்விடுகிறது. வெள்ளிப் பூத்த படங்களில் இந்த வித்தை பலிக்காது. ஓரத்து இருட்டுப் பகுதியைச் சாய்த்துப் பார்த்தால் நீலங்கலந்த பளபளப்பு தெரிகிறதே, அது படத்தின் வெள்ளியே கரைந்து மேலே வந்து மறுபடி உலோகமாகப் படிந்தது. அதைத் துடைக்கப் போனால் படத்தைத்தான் துடைப்போம்.

பரிதாபம் என்றால் 1980களின் கலர் படங்கள்தான். 1948 படத்தில் வாத்தியார் தலைப்பாகையின் மடிப்பு வரை தெரிகிறது. 1986 படத்தில் ஊரே செக்கச்செவேல் என்று இருக்கிறது. சயான் என்கிற பச்சைநீலச் சாயம் முதலில் வெளுத்துவிட்டதால் வந்த கோலம். பீரோ இருட்டில் பத்திரமாக வைத்திருந்தாலும் வெளுக்கும்.

லேமினேஷன் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 39இல் ஆறு படங்கள், பிள்ளைகள் ஆசையாகக் கடையில் கொடுத்து மர அட்டையில் ஒட்டி பிளாஸ்டிக் போட்டு வாங்கி வந்தவை. பசையும் சூடும் ஏறிய பிறகு அதிலிருந்து படத்தைப் பிரிக்க வழியே இல்லை. அட்டையின் பின்பக்கம் இருந்த பெயர்களும் ஸ்டுடியோ முத்திரையும் பசைக்கு அடியில் சமாதி. அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசு தர வேண்டுமென்றால் ஒரு நகல் போட்டு அதை லேமினேட் செய்யுங்கள், தயவுசெய்து.

மூலப்படங்களைச் சுற்ற அமிலமில்லாத நல்ல தாள் தேடி ஒரு சனிக்கிழமை புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன். அமிலம் பார்க்கிற பேனா ஒன்று வாங்கியிருந்தேன். கோடு போட்டால் அமிலத் தாளில் மஞ்சளாகவும் அமிலமில்லாததில் ஊதாவாகவும் மாறும். பழுப்புக் கவர், செய்தித்தாள், ஸ்டுடியோ கொடுக்கிற கவர் எல்லாம் மஞ்சள். அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத்தில், பருத்தியில் செய்த வெள்ளைத் தாள் ஊதா காட்டியது. சாயம் போட்ட அழகழகான தாள்களைத் தொடவில்லை, ஈரத்தில் சாயம் இறங்கும். அக்கா வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். படங்களின் இரண்டாவது ஹார்டு டிஸ்க் அங்கேதான் இருக்கிறது. 2015 வெள்ளத்தை முதுநகரில் பார்த்தவன் ஒரே ஊரில் ஒரே டிஸ்க்கை நம்ப மாட்டான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தில் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களை எண்ணியமாக்கிய வேலை பற்றி முன்பே படித்திருந்தேன். அது பெரிய வேலை. நம்முடையது எதிர்வீட்டு வேலை. ஆனால் எதிர்வீட்டுக்காரருக்குத்தான் தெரியும், மூன்றாவது வரிசையில் நிற்பவர் யார் என்று.

அதற்கு முன்னால் வருஷம். அட்டையில் அச்சிட்ட இடத்தைத்தான் இராமபாணப் பூச்சி முதலில் தின்கிறது. அப்பா படத்தில் 196 வரை இருக்கிறது, மிச்சம் இல்லை. அப்பா 66 என்றார்; அவர் சிநேகிதர் 67 என்று சத்தியம் பண்ணினார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் 1967 மார்ச். கல்வியாண்டு 1966-67, இரண்டு பேரும் ஜெயித்தார்கள். மற்ற படங்களுக்குச் சின்னச் சின்னத் துப்புகள். ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்று அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முந்தியது. 11ஆம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. என்றால் 1978இல் மேல்நிலை வகுப்பு வருவதற்கு முந்தியது. தென்னார்க்காடு மாவட்டம் என்றால் 1993க்கு முன். எனக்குப் பிடித்த துப்பு, தரையில் உட்கார்ந்த பையன் மடியில் இருக்கிற சிலேட்டுதான். ‘உயர்நிலைப்பள்ளி’யில் லை-க்குப் பழைய எழுத்தின் யானைத் தும்பிக்கை வளைவு இருக்கிறதா என்று பார்ப்பேன். தும்பிக்கையை எடுத்த எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978 அக்டோபரில் வந்தது. ஆனால் டிராயிங் மாஸ்டர் கை அரசாணைக்கு உடனே கட்டுப்படாது. 1983 படம் ஒன்றில் தும்பிக்கை கம்பீரமாக நிற்கிறது. எதுவும் பிடிபடாவிட்டால் தலைமையாசிரியர் அறைக்குப் போவேன். அங்கே சுவரில் தொங்கும் பெயர்ப் பலகையில் யார் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்கும். நடு நாற்காலிக்காரரைப் பலகையில் பிடித்துவிட்டால் மூன்று நாலு வருஷத்துக்குள் வந்துவிடலாம்.

பெயர் வேலைக்கு வருகிறேன். படத்தின் மேல் பட்டர் பேப்பர் வைத்தால் பென்சில் அழுத்தம் படத்தில் விழும். அதனால் ஸ்கேனின் பிரிண்ட்மேல் வைத்துத் தலைகளை வட்டமிட்டு, நம் இடப்பக்கத்திலிருந்து எண் போடுகிறேன். அப்புறம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் கேட்பது. நாலு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதற்கு மற்ற மூவரும் தலையாட்டிவிடுகிறார்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால் பேனாவில். ஒருவர் மட்டும் சொன்னால் பென்சிலில்.

இதில் நான் எதிர்பார்க்காத சிக்கல்கள் இரண்டு. அச்சிட்ட பெயர்களில் அந்தக் காலத்து வழக்கப்படி சாதிப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பெரியவர் தன் பெயரைப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த வாலை நான் காலேஜ்லயே அறுத்துட்டேன். நீ திரும்ப ஒட்டாதே" என்றார். அட்டையில் இருப்பதை அப்படியே படியெடுத்து ஒரு தாள், வாலில்லாமல் பெயர் மட்டும் இன்னொரு தாள் என்று வைத்திருக்கிறேன். வெளியே காட்டுவது இரண்டாவதைத்தான். இன்னொரு சிக்கல் பெண்கள் பள்ளிப் படங்களில். அட்டையில் அப்பா இனிஷியல், இப்போது வீட்டுக்காரர் இனிஷியல். ஆர். போட்ட அம்மாவைத் தேடிப்போனால் அவர் கே. ஆகிப் பண்ருட்டியிலோ பெங்களூரிலோ இருப்பார். அண்ணன் தம்பி யாராவது பழைய வீட்டில் இருந்தால்தான் நூல் பிடிக்க முடிகிறது.

முதுநகரில் கிடைத்த 1971-72 படம்தான் இரண்டு மாதத்தைத் தின்றது. 43 தலை. அட்டையில் எல்லோர் பெயரும் அச்சாகியிருக்கிறது, வேலை சுலபம் என்று சந்தோஷப்பட்டேன். நடு வரிசைப் பெயர்களைக் கேட்கக் கேட்க ஒன்றும் ஒட்டவில்லை. படத்தில் இருக்கிற மூன்று பேரைப் பிடித்தேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். "எனக்கு இடது பக்கம் அவன்" என்பார் ஒருவர். படத்தில் அது வலது பக்கம் என்றால் குழம்பிவிடுவார்.

அட்டையின் அடியில் ‘ஆப்சென்ட்’ என்று இரண்டு பெயர். அதில் ஒருவர் துறைமுகம் போகிற வழியில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. படத்திலேயே இல்லாதவரிடம் என்ன கேட்பது என்று ஒரு மாதம் போகவே இல்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் போனேன். கடை பலகையில் பிரிண்டை விரித்தேன். வாழைப்பழத் தாரை நகர்த்தி வைத்துவிட்டு, விரலால் தொடாமல், வெற்றிலைக் காம்பை வைத்து ஒவ்வொரு தலையாகக் காட்டி இடமிருந்து வலமாகச் சொல்லிக்கொண்டே போனார். நிற்கவே இல்லை. 26 வரை மூச்சு விடாமல் சொன்னார்.

"ஐயா, அன்னைக்கு நீங்க வரலைன்னு போட்டிருக்கே?"

"வந்தேன் தம்பி. வெள்ளைச் சட்டை ஒண்ணுதான், காயல. கலர் சட்டையோட உட்கார வேணாம்னுட்டாரு சார். கேமராக்காரர் கறுப்புத் துணிக்குப் பக்கத்துலயே நின்னேன். உள்ள உக்காந்தவனுக்கு யாரு எங்கன்னு எப்படித் தெரியும்? எதிர்ல நின்னவன் நான்தானே."

அவர் சொன்ன வரிசையை வீட்டில் வந்து அட்டையோடு ஒப்பிட்டேன். அச்சில் இரண்டாம் வரிசையும் மூன்றாம் வரிசையும் இடம் மாறியிருந்தன. மாற்றிப் போட்டதும் ஏற்கனவே பென்சிலில் இருந்த 19 பெயர் அப்படியே பொருந்தின. அன்று ராத்திரி அத்தனையையும் பேனாவில் எழுதினேன்.

அவருக்கு 10க்கு 12இல் ஒரு நகல் போட்டுக் கொடுத்தேன். கடையில் மாட்டவில்லை, வெயில் படும் என்று வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். அதை நான் சொல்லித்தரவில்லை.

27 இன்னும் நிற்கிறது. இரண்டாம் வரிசை, கண்ணை மூடியிருக்கிற பையன். பெட்டிக்கடைக்காரர் அந்த இடத்தில் மட்டும் காம்பை நிறுத்தி, "புதுசா வந்து சேர்ந்தவன், சர்க்கரை ஆலைக் குடியிருப்புப் பக்கம்" என்றார். அட்டையில் ஒரு பெயர் மிச்சம் இருக்கிறது, ஆனால் 41ஆம் எண்ணுக்கும் பெயர் இல்லை. ஒரு பெயரை விட்டே அச்சடித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்குப்பம் போகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் படங்களை வெளியே எடுக்க முடியாது, அதற்குள் முடிக்க வேண்டும்.