பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னவர்

குடும்பங்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவும் சமூகப் பணியில் நான் சேர்ந்தபோது எனக்கு மூத்தவராக வாய்த்த மனிதர் அண்மையில் காலமானார். தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை என்பதால் இங்கும் அதைத் தவிர்க்கிறேன். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்களில் சிலர் அவரைச் சமூகப் பணியாளராகவும், சிலர் யாரிடமும் பயிலாமல் தாமே கற்றுத் தேர்ந்த ஓவியராகவும், உறவினர்கள் அன்பான கணவராகவும் தந்தையாகவும் நினைவுகூர்ந்தார்கள். அவருடன் பல ஆண்டுகள் ஒரே அறையில் பணியாற்றிய எனக்கு இந்த மூன்றையும் தனித்தனியே பார்க்க இயலவில்லை. எதிரில் இருப்பவரைப் பற்றி முன்கூட்டியே முடிவு கட்டாமல் பொறுமையாகப் பார்க்கும் ஒரே பழக்கம்தான் அவருடைய கள ஆய்விலும் ஓவியத்திலும் வீட்டிலும் வெளிப்பட்டது என்று நினைக்கிறேன்.

பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு அவர் கொடுக்கும் முதல் வேலை, வெள்ளைத் தாளில் ஒரு மனித முகத்தை வரைவது. வரையத் தெரியாது என்று சொன்னாலும் விடமாட்டார். ஏறக்குறைய எல்லோருமே கண்களை நெற்றிக்கு அருகில், மிகவும் மேலே வைத்துவிடுவார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரின் தலையைப் பென்சிலால் அளந்து பார்க்கச் சொல்வார். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில்தான் கண்கள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியவரும். "பிறந்தது முதல் பார்த்துவரும் முகத்தையே இப்படி வரைகிறோம். ஒரு மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு வந்த ஒரு குடும்பத்தை எப்படி எழுதுவோம் என்று யோசியுங்கள்" என்பார். வயதில் எவ்வளவு இளையவராக இருந்தாலும் எங்களை அவர் 'நீங்கள்' என்றே அழைத்தார்.

அந்தப் பயிற்சியின் பொருள், ஒரு குடும்பத்தை வீட்டில் பார்த்துவிட்டு வந்து முதல் அறிக்கையை எழுதும்போது விளங்கிவிடும். 'தாய் பொறுப்பற்றவர், வீடு அலங்கோலமாக இருந்தது' என்று ஒருவர் எழுதி வந்தால் அவர் கோபப்படமாட்டார். என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்பார். கழுவாத பாத்திரங்கள் இருந்தன என்று பதில் வரும். வேறென்ன என்று மறுபடியும் கேட்பார். குழந்தையின் தலை வாரியிருந்தது, பள்ளிப் புத்தகங்கள் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தன, தாய் இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இவையெல்லாம் அறிக்கையில் இல்லையே என்பார். எங்கள் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு போடச் செய்தவர் அவர்தான்: இடப்புறம் கண்டதும் கேட்டதும், வலப்புறம் நாம் நினைப்பது. இடப்புறம் நிரம்பும்வரை வலப்புறத்தில் எழுதக் கூடாது. ஒரு குழந்தை பெற்றோருடன் இருக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டை நேரில் காண்பதில்லை. நம் தாளைத்தான் காண்கிறார்கள். நாம் வேறு பணிக்குப் போன பிறகும் கோப்பு அங்கேயே இருக்கும், அடுத்து வருபவர் அந்த 'பொறுப்பற்றவர்' என்ற சொல்லின் வழியாகவே அந்தத் தாயைப் பார்ப்பார். இதை அவர் எத்தனை முறை சொன்னாலும் சலிக்காமல் சொல்வார்.

ஓவியத்தை அவர் கற்றது வேலைக்கு வந்த பிறகுதான். ஒருபுறம் அச்சான தாள்களின் மறுபக்கத்தில் பென்சிலால் தொடங்கி, கையை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பென்சிலால் அளவெடுக்கப் பழகி, பிறகு நீர்வண்ணத்துக்கு வந்தார். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது பெரும்பாலும் பூசப்படாத தாள்தான். எந்த இடத்தைத் தொடாமல் விடுவது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும், பூசிய பிறகு மீட்பது கடினம். அந்தக் கட்டுப்பாடு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஓவியப் பள்ளிக்குப் போகாததை ஒரு குறையாக யாராவது பேசினால், பாரிஸ் சுங்கச்சாவடியில் வேலை பார்த்துக்கொண்டே நாற்பது வயதை ஒட்டித் தீவிரமாக வரையத் தொடங்கிய ஆன்ரி ரூசோவையும், அறுபது வயதைக் கடந்து ஓவியத்தில் இறங்கி 1930இல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்த தாகூரையும் சொல்வார். தம்மை அவர்களோடு ஒப்பிடுவதற்காக அல்ல, தயங்கி நிற்கும் மற்றவர்களை வரையச் செய்வதற்காக.

நான் அவரிடம் மிகவும் மதித்தது வேறொன்று. துயரமும் உறுதியும் அச்சமும் நிறைந்த முகங்கள் தினமும் அவர் எதிரே வந்து அமர்ந்தன. எந்த ஓவியரும் விட மனம் வராத முகங்கள் அவை. அவற்றில் ஒன்றைக்கூட அவர் வரையவில்லை, வீட்டுக்குப் போய் நினைவிலிருந்தும் வரையவில்லை. உதவி தேடி வருபவர் ஒவ்வொருவரோடும் தனித்தனியே செய்யும் சமூகப் பணிக்கு, அத்துறை அறிஞர் ஃபீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு கோட்பாடுகளுள் தீர்ப்புக் கூறாமையும் இரகசியம் காத்தலும் உண்டு. அவற்றைப் பாடமாக எல்லோரும் படிக்கிறோம். தம் கலைக்கு மிகவும் தேவையான ஒன்றை அந்தக் கோட்பாட்டுக்காக விட்டுக்கொடுத்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. உதவி கேட்டு வந்தவர் தம் முகத்தை நமக்குக் கொடுக்க வரவில்லை என்பது அவருடைய விளக்கம். அவர் வரைந்தவர்கள் மனைவி, மக்கள், சம்மதித்து அமர்ந்த சக ஊழியர்கள் ஆகியோர் மட்டுமே. ஆள் இல்லாதபோது அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தை வரைவார்.

குழந்தைகள் வந்தால் தாளும் வண்ணக் குச்சிகளும் மேசைக்கு வந்துவிடும். வீடு, மரம், மனிதன் ஆகியவற்றை வரையச் சொல்லி மனத்தை அறிய முயலும் முறையை உளவியலாளர் ஜான் பக் 1948இல் வெளியிட்டார். அதன் தாக்கத்தில், கதவில்லாத வீடு என்றால் தனிமை, பெரிய கைகள் என்றால் வன்முறை என்று ஒற்றை அடையாளத்தைக் கொண்டு முடிவுக்கு வருவோர் இன்றும் உண்டு. அத்தகைய முடிவுகள் நம்பத்தக்கவை அல்ல. ஒரு முறை ஒரு சிறுமி கதவே இல்லாத வீட்டை வரைந்தாள். பார்த்த ஊழியர் ஒருவர் கவலையோடு குறிப்பெழுதத் தொடங்கினார். இவரோ அவளருகில் அமர்ந்து, "இந்தப் படத்தில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார். கதவு அந்தப் பக்கம் இருக்கிறது, அம்மா அங்கே துணி காயப்போடுகிறாள் என்றாள் சிறுமி. அன்று அவளிடமிருந்து கிடைத்த செய்திகளில் அதுவே முக்கியமானது. கேட்காமல் இருந்திருந்தால் அது கிடைத்திருக்காது.

வரைந்து முடித்ததும் குழந்தையைத் தன் பெயரைத் தாளில் எழுதச் சொல்வார். இதை அவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியரிடமிருந்து எடுத்துக்கொண்டார். நாஜிகளின் டெரெசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு மறைவாக ஓவியம் கற்பித்த அவர், ஒவ்வொரு படத்திலும் வரைந்தவரின் பெயரை எழுதச் செய்தார். 1944இல் அவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்ட சுமார் 4,500 படங்கள் தப்பின. பெயர்கள் இருந்ததால் அந்தக் குழந்தைகளில் பலர் யாரென்று பின்னாளில் தெரிந்தது. பெயருக்குப் பதில் எண் கொடுக்கப்பட்ட இடத்தில் ஒருவர் செய்த காரியம் அது. கோப்பு எண்களோடு வேலை செய்யும் நாங்கள் அதை மறக்கக் கூடாது என்று அவர் நினைத்தார்.

மாலையில் உரிய நேரத்தில் அவர் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். பணியில் ஈடுபாடு குறைவு என்று இதைச் சிலர் தவறாக எண்ணியதும் உண்டு. கைக்குழந்தை உள்ள சக ஊழியர்களின் மாலை நேரக் களப்பணியைத் தாம் ஏற்றுக்கொண்ட நாள்கள் தவிர, வேறெதற்காகவும் தம் குடும்பத்தின் நேரத்தை அவர் எடுத்ததில்லை. பிறர் குடும்பத்துக்கு வழி சொல்பவர் தம் குடும்பத்துக்கு அந்நியராகிவிடக் கூடாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. இந்தத் துறையில் மனம் சோர்ந்து விலகியவர்கள் பலரைப் பார்த்த பிறகு அது எனக்கும் சரியென்று படுகிறது. இரங்கல் கூட்டத்தில் அவருடைய மகள் பேசும்போது, அப்பா எங்கள் படங்களை ஒருநாளும் திருத்தியதில்லை, இதில் என்ன நடக்கிறது என்றுதான் கேட்பார் என்றார். எங்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியராகியிருந்தால் பெரும் புகழ் பெற்றிருப்பார் என்று அங்கே ஒருவர் வருந்தினார். அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. அவருடைய படங்களில் சிறந்தவை, படித்துக்கொண்டிருக்கும் மனைவியை மீண்டும் மீண்டும் வரைந்தவை. ஒன்றில்கூட மனைவியின் முகத்தை அழகுபடுத்தவில்லை, வயதையும் களைப்பையும் மறைக்கவில்லை, ஆயினும் அவற்றைப் பார்க்கும் எவரும் வரைந்தவரின் அன்பை ஐயுற மாட்டார். பகல் முழுவதும் பிறரைத் தீர்ப்பின்றிப் பார்த்துப் பழகிய கண்ணால்தான் அப்படி வரைய முடிந்தது என்று அந்த நண்பரிடம் சொன்னேன்.