காரைக்குடி முதல் பழனி வரை: பாதயாத்திரைக்கு நாள்வாரியாகத் தூரம் பிரிக்கும் கணக்கு

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, திருப்பத்தூர், நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு ஏறக்குறைய 168 கிலோமீட்டர். ஏழு நாளில் நடப்பதென்றால் நாளுக்கு 24. புதிதாகக் கிளம்பும் குழுக்கள் பலவற்றின் திட்டம் இந்த வகுத்தலோடு நின்றுவிடுகிறது. அப்புறம் மூன்றாம் நாள் பதினோரு மணி வெயிலில், நிழலில்லாத ரோட்டில், தங்கும் இடம் இன்னும் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது குழு இரண்டாக உடையும். பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள், மீதிப் பேர் "இன்னும் கொஞ்சம்தான்" என்று போய்க்கொண்டே இருப்பார்கள். 24 கிலோமீட்டர் நடப்பது யாருக்கும் பெரிய காரியமில்லை. அதில் எத்தனை கிலோமீட்டர் காலை பத்து மணிக்கு முன்னால் வருகிறது என்பதுதான் கணக்கு.

திட்டத்தைப் பழனியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். முதலில் எந்த நாளில், எந்த நேரத்தில் மலையேறப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்ய வேண்டும். தைப்பூசத் திருவிழா பத்து நாள். பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேறும், ஆறாம் நாள் திருக்கல்யாணம், ஏழாம் நாள் தைப்பூசத் தேர். தேருக்கு முந்தைய நாளும் தேரன்றும் தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். 160 கிலோமீட்டர் நடந்து வீங்கிய கால், வெறுமனே நிற்கும்போதுதான் அதிகமாக வலிக்கும். குழுவில் சின்னப் பிள்ளைகளும் அறுபதைத் தாண்டியவர்களும் இருந்தால் பூசத்துக்கு மூன்று நாலு நாள் முன்னதாகப் போய்ச் சேருவது நல்லது. தேர் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் தேருக்கு முந்தைய நாள் காலையிலேயே தரிசனத்தை முடித்துவிட்டு, மறுநாள் ரத வீதியில் தேரை மட்டும் பார்க்கலாம்.

2027-ல் தைப்பூசம் ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. எட்டு நாள் பின்னால் எண்ணினால் பொங்கல் வந்துவிடுகிறது. இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை என்பதால், முன்கூட்டியே அனுமதி கேட்டால் வளாகத்தில் தங்க இடம் கிடைக்கலாம். ஆனால் வண்டி ஓட்டவும் சமைக்கவும் ஆள் கிடைப்பது கஷ்டம். வழியிலுள்ள கடைகள் இரண்டு மூன்று நாள் அடைத்திருக்கும். மளிகையை ஊரிலேயே முழுதாக வாங்கி ஏற்றிவிடுங்கள். டிரைவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

இனி ஒரு நாளின் கடிகாரம். தை மாதத்தில் இந்தப் பக்கம் சூரியன் உதிப்பது ஆறே முக்காலை ஒட்டி, மறைவது ஆறே கால் வாக்கில். விடியலில் குளிர் இருக்கும், பத்தரைக்கு மேல் தார் ரோடு சுட ஆரம்பிக்கும், நாலு மணி வரை இறங்காது. செருப்பில்லாமல் நடப்பவர்களுக்கு இந்த ஐந்தரை மணி நேரம் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மணிக்கு எழுந்து, மூன்றே முக்காலுக்குக் கிளம்பி, ஆறரைக்கு டீ, எட்டு மணிக்குப் பலகாரம், ஒன்பதரைக்கு மதியத் தங்கல். இடைவேளைகளைக் கழித்தால் நாலரை மணி நேர நடை. வெறுங்காலில் நடக்கும் கலவையான குழு மணிக்கு மூன்றரை கிலோமீட்டர்தான் போகும். ஆக, காலையில் 15, 16 கிலோமீட்டர். மாலை நாலு மணியிலிருந்து ஏழு வரை 9, 10. தனியாக மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவரின் வேகத்தை வைத்து ஐம்பது பேருக்குத் திட்டம் போடுவது எல்லாத் தாமதத்துக்கும் மூல காரணம். குழுவின் வேகம் என்பது கடைசி ஆளின் வேகம்.

இந்தக் கடிகாரத்துக்குள் வழியைப் பொருத்திப் பார்த்தால் பிரிவினை கிட்டத்தட்ட இப்படி வரும். முதல் நாள் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி 10 கிலோமீட்டர். சண்முகநாதரைக் கும்பிட்டு அங்கேயே மதியத் தங்கல். மாலையில் திருப்பத்தூர் 12. இரண்டாம் நாள் சிங்கம்புணரி வரை சுமார் 19 மட்டும். வேண்டுமென்றே குறைத்தது இது. முதல் நாள் உற்சாகத்தில் வேகமாக நடந்ததன் பலன் இரண்டாம் நாள்தான் காலில் தெரியும். அன்றைக்கு 30 கிலோமீட்டர் வைத்த குழுக்களில்தான் முன்னங்கால் எலும்பை ஒட்டிய வலி நிறையப் பேருக்கு வருகிறது. அது வந்துவிட்டால் பழனி வரை போகாது.

மூன்றாம் நாள் கொட்டாம்பட்டி 11, பிறகு சமுத்திராப்பட்டி 12. கொட்டாம்பட்டியில் திருச்சி–மதுரை நாற்கரச் சாலையைத் தாண்ட வேண்டும். அந்த இடம் வெளிச்சம் வந்த பிறகு வரும்படி அன்றைக்கு மட்டும் அரை மணி தாமதமாகக் கிளம்பினாலும் நஷ்டமில்லை. நாலாம் நாள் நத்தம் 8, அங்கே பலகாரம், அப்புறம் கோபால்பட்டி 15. இது சற்று விசித்திரமான நாள். எட்டு கிலோமீட்டர் என்பது மதியத் தங்கலுக்குக் குறைவு, 23-ஐ ஒரே மூச்சில் நடக்கவும் முடியாது. நத்தம் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டரில் ஒரு தோப்பையோ மண்டபத்தையோ முன்கூட்டியே பேசி வைத்தால் நாள் சரியாக உடையும். நத்தம் பக்கம் மாந்தோப்புகளுக்குக் குறைவில்லை. தை மாதம் பூவெடுக்கும் பருவம், மருந்தடித்த தோப்பா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் சாணார்பட்டி 8, திண்டுக்கல் 14. திண்டுக்கல்லில் அரை நாள் உபரி வையுங்கள். உபரி நேரத்தைக் கடைசியில் வைப்பது வழக்கம், ஆனால் அதனால் யாருக்கும் பயனில்லை. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, எல்லாத் திசைக்கும் பஸ் இருக்கிறது, துணி துவைத்துக் காயப்போட நேரம் கிடைக்கும். நடக்க முடியாதவரை ஊருக்கு அனுப்ப இதைவிட நல்ல இடம் வழியில் இல்லை. யாரை வண்டியில் ஏற்றுவது என்பதையும் கிளம்பும் முன்பே எல்லோர் முன்னாலும் பேசி முடித்திருக்க வேண்டும். காய்ச்சல், கொப்புளத்தில் சீழ், கால் ஊன்ற முடியாத வலி, இரண்டு தடவைக்கு மேல் வாந்தி: இந்த நாலில் ஒன்று இருந்தால் வண்டிதான், வாக்குவாதம் கிடையாது. வழியில் வைத்து முடிவு செய்தால் "முருகன் பார்த்துக்குவான்" என்ற பதிலுக்கு மேல் யாரும் பேச முடியாது.

ஆறாம் நாள்தான் நீளமானது: ரெட்டியார்சத்திரம் 14, ஒட்டன்சத்திரம் 17. கால் பழகிவிட்டதால் ஆறாம் நாளில் 31 தாங்கும், இதையே இரண்டாம் நாள் வைத்தால் தாங்காது. இந்தப் பாதையில் சில இடங்களில் நடப்பவர்களுக்கென்று ஓரத்தில் கல் பதித்த நடைபாதை உண்டு. ஆனால் ஒட்டன்சத்திரம் பெரிய காய்கறிச் சந்தை. கேரளாவுக்குப் போகும் லாரிகள் மாலையிலிருந்தே ரோட்டை நிறைக்கும். அதனால் அன்றைக்கு மட்டும் காலை நடையை நீட்டி 18 ஆக்கி, மாலைக்கு 13 மிச்சம் வையுங்கள். இருட்டுவதற்குள் பெரும்பகுதி கடந்துவிடும்.

ஏழாம் நாள் விருப்பாச்சி, சத்திரப்பட்டி வழியாக ஆயக்குடி, சுமார் 21. பழனிக்கு இன்னும் ஏழுதான், ஒரேயடியாகப் போய்விடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். போகாதீர்கள். இரவு ஒன்பது மணிக்குப் பழனிக்குள் நுழைந்தால் படுக்க இடம் இருக்காது, குளிக்க இடம் இருக்காது, தூங்காமலே வரிசையில் நிற்க வேண்டிவரும். ஆயக்குடியில் தூங்கி எழுந்து எட்டாம் நாள் விடியலில் அந்த ஏழு கிலோமீட்டரை நடந்தால் குளித்துவிட்டுத் தெளிவாக மலையேறலாம்.

காவடி எடுக்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. சண்முக நதியில் குளித்துக் காவடி கட்டுவதாக இருந்தால், நதி ஊருக்கு மேற்கே இருக்கிறது, நீங்கள் வருவதோ கிழக்கிலிருந்து. ஊரைக் கடந்து போய், திரும்பி வர வேண்டும். அதன் மேல் கிரிவலம், 690-க்கும் மேற்பட்ட படி. கடைசி நாள் ஏழு கிலோமீட்டர் என்று எழுதி வைத்திருந்தாலும் கால் நடப்பது அதைப்போல இரண்டு மடங்கு.

மேலே சொன்ன தூரமெல்லாம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும். நீங்களே ஒரு தடவை பைக்கில் போய்ப் பாருங்கள். நடக்கப்போகும் அதே நேரத்தில் போக வேண்டும் என்பது முக்கியம். மதியம் இரண்டு மணிக்குப் பார்த்த டீக்கடை விடியற்காலை ஐந்துக்குத் திறந்திருக்காது. கூகுள் மேப்பின் நடைவழி வாய்க்கால் கரையிலும் தனியார் தோட்டத்திலும் கொண்டுபோய் விடும், வண்டி மீட்டரை நம்புங்கள். ஒவ்வொரு தங்கலிலும் குழாயில் தண்ணீர் வருகிறதா, பெண்களுக்குக் கதவுள்ள கழிப்பறை எத்தனை, கூரை எத்தனை பேருக்கு, சாவி யாரிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பது பேரில் இருபது பெண்கள் இருந்து கழிப்பறை ஒன்றே ஒன்று என்றால், காலையில் கிளம்புவது ஒரு மணி நேரம் தள்ளும். அந்த ஒரு மணி நேரத்தைப் பத்து மணிக்கு மேல் வெயிலில் கட்ட வேண்டும். தூரம் சரியாக வருகிறதே என்று கழிப்பறை இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட, இரண்டு கிலோமீட்டர் முன்னேயே நிறுத்துவது லாபம்.

இனி பாதத்தைப் பற்றி. மாலை போட்ட நாளிலிருந்தே செருப்பைக் கழற்றிவிடுகிறவர்களுக்குத் தோல் தானாகத் தடித்துவிடும். மற்றவர்கள் குறைந்தது ஆறு வாரம் முன்னால் ஆரம்பிக்க வேண்டும்: முதல் வாரம் தினம் இரண்டு கிலோமீட்டர் வெறுங்காலில், பிறகு படிப்படியாக. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை 15, அடுத்த நாளே ஞாயிறு 12 நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் எழுந்து நடக்க முடிகிறதா என்பதுதான் பரீட்சை. வழியில் இரவுத் தங்கலில் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைப்பது பலருக்குப் பழக்கம். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் ஊறிய தோல் மறுநாள் தாரில் எளிதாகப் பிய்யும். கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு விளக்கெண்ணெய் தடவினால் போதும். தொடை உரசலுக்குக் காரணம் ஈர வேட்டி. குளித்த துணியோடு நடக்காமல், வாஸ்லின் தடவி உலர்ந்த துணி கட்டுங்கள். தொடர்ந்து ரோட்டின் ஒரே ஓரத்தில் நடந்தால் சரிவினால் ஒரு பக்க முட்டியும் இடுப்பும் வலிக்கும், வண்டி வராத கிராமச் சாலையில் நடுவில் நடந்து சமன் செய்துகொள்ளலாம். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் வரவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடும் முள்ளும் தெரியாது. நடக்கிற நாட்களில் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பையில் மிட்டாயோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும்.

உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடித்தால் உப்பு அதிகமாகி வாந்தி வரும்.

சமையல் வண்டிக்கு ஐம்பது பேர் என்றால் ஒரு குட்டி யானை போதும், படுக்கை மூட்டைக்கு இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கினால் பாத்திரத்தை எடுக்க மூட்டையை இறக்க வேண்டிவரும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரிசி 7 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 2 கிலோ, காய் 6 கிலோ. நடக்கிறவர்கள் மத்தியானம் சோறு குறைவாகவும் மோர் அதிகமாகவும் கேட்பார்கள். குடிநீர் ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் பத்து. சமைக்கிறவர்கள் நடக்கிறவர்களாக இருக்கக் கூடாது, வண்டி ஏழு மணிக்குள் மதியத் தங்கலில் இருக்க வேண்டும். திண்டுக்கல் தாண்டியதும் வழிநெடுக அன்னதானப் பந்தல்கள் வந்துவிடும். அதன் பிறகு சமையலைப் பாதியாகக் குறையுங்கள், இல்லையென்றால் குப்பைக்குத்தான் போகும். பந்தலுக்குப் பந்தல் நின்று சாப்பிடுவதும் ஆபத்து. ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் போகும். ஐஸ் போட்ட சர்பத்தும் ஆறிய தக்காளி சாதமும் சேர்ந்து வயிற்றைக் கெடுத்து, ஏழாம் நாளை நாசமாக்கும்.

இருட்டில் நடக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்கு விதிகள் கண்டிப்பாக வேண்டும். வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசை. பச்சை வேட்டி இருட்டில் தெரியவே தெரியாது, முன்னும் பின்னும் ஒளிரும் பட்டை கட்டுங்கள். முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் டார்ச், கடைசி ஆளிடம் விசில். ரோட்டோரத்தில் படுத்துத் தூங்குவதை யாருக்கும் எந்த நேரத்திலும் அனுமதிக்காதீர்கள்.

பழனியில் இரண்டு விஷயம் திட்டத்தில் இல்லாமல் பலர் தவிக்கிறார்கள். மலைக்கோயிலுக்குள் 2023 அக்டோபர் முதல் செல்போன் கொண்டுபோகத் தடை. அடிவாரத்தில் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். நெரிசலில் பிரிந்தவர்களைப் போன் போட்டுக் கூப்பிட வழியில்லை. இறங்கிய பின் எங்கே கூட வேண்டும், எத்தனை மணி வரை காத்திருப்பது என்பதை ஆயக்குடியிலேயே சொல்லி, ஒவ்வொருவர் பையிலும் சீட்டாக எழுதிப் போட்டுவிடுங்கள். கிரிவீதிக்குள் தனியார் வண்டிகளை விடுவதில்லை என்பதால் மூட்டை வண்டி தூரத்தில்தான் நிற்கும். மாற்றுத் துணியும் மாத்திரையும் மட்டும் உள்ள ஒரு சின்னப் பை ஆளோடு இருக்கட்டும்.

திரும்பும் பஸ்ஸுக்கு வழக்கமான செருப்பு நுழையாது. ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்தே போகும்போது கால் இன்னும் வீங்கும். வழக்கத்தைவிட ஒரு அளவு பெரிய ரப்பர் செருப்பைக் கிளம்பும் நாளிலேயே மூட்டையில் போட்டு வையுங்கள்.