மதியச் சோறும் மாலைப் பலகாரமும்: காரைக்குடிக் குறிப்புகள்

ஜூலை 8, செவ்வாய்

மாற்றலாகி காரைக்குடிக்கு வந்ததும் அலுவலகத்தில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், ‘செட்டிநாடு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் கடைக்குள் நுழையாதே என்பதுதான். ஊருக்குள் அந்தப் பலகை குறைவு, வெளியே பெரிய ரோடுகளில் கார் நிறுத்த இடம் உள்ள கடைகளில்தான் அதிகம். ஊரே செட்டிநாடு, அப்புறம் எதற்குப் பலகை.

இன்று போனது செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு சந்து. வீட்டின் முன்பக்கத்தில் நாலு மேசை, வாசலில் செருப்புக் குவியல், அதை வைத்துத்தான் அது மெஸ் என்றே கண்டுபிடிக்க வேண்டும். எனக்குச் சாப்பாட்டு இடைவேளை முக்கால் மணி நேரம், போக வர கால் மணி போய்விடும். சைவம் என்று சொன்னதும் இலையில் வெண்டைக்காய் மண்டி வந்தது. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டு வெண்டைக்காயை வேகவைக்கிறார்கள், மசாலாப் பொடி என்று எதுவும் இல்லை. செட்டிநாடு என்றாலே சிவந்த குழம்பு, மேலே எண்ணெய் என்று வெளியூரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, இவர்கள் வீட்டில் தினப்படிச் சாப்பாடு இப்படித்தான் போகிறது. பரிமாறிய அண்ணன், “குழம்புன்னு நெனச்சு சோத்துல பெசஞ்சிராதீங்க சார், தொட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க” என்றார். சொன்னதோடு விடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டும் இருந்தார்.

ஜூலை 12, சனி

மதியத்தோடு வேலை முடிந்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஒரு சுற்று பார்த்தேன். வெளியூர்க்காரர்கள் மரத்தூணையும் ரவிவர்மா படத்தையும் தேடிப் போகிறார்கள், நான் பாத்திரங்கள் பக்கமே நின்றேன். தேன்குழல் உழக்கு, இடியாப்பக் கட்டை, ஆள் உட்காரும் அளவுக்கு அண்டா, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த எனாமல் தூக்குகள், சிலவற்றில் வீட்டுக்காரர்களின் முன்னெழுத்து பொறித்தது அப்படியே இருக்கிறது. செட்டியார் வீட்டுக் கல்யாணச் சீர் வரிசையில் வந்த சாமான்கள் இவை. ஒரு வீடு பத்து இருபது பங்காளிகளுக்குப் பிரிந்து, அவர்கள் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தால், எண்பது பேருக்கு வடிக்கிற அண்டாவை யார் எடுத்துப்போய் எந்த ஃபிளாட்டில் வைப்பது.

கடைக்காரர் கந்தரப்பம் என்ற இனிப்புப் பலகாரம் சுடுகிற ஒரு கரண்டியைக் காட்டி நல்ல விலை சொன்னார். வாங்கவில்லை. எனக்குச் சுடத் தெரியாது, சுவரில் மாட்டுவதற்குக் கரண்டி எதற்கு.

ஜூலை 15, செவ்வாய்

தணிக்கை. மேசையிலேயே தயிர்சாதம். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்று ஆடி முதல் தேதி. சாயங்காலம் கல்லுக்கட்டிப் பக்கம் நடந்தால் எண்ணெய் காயும் வாசனை. பலகாரம் போடும் ஆச்சி ஒருவரைப் பழக்கம் பிடித்துவைத்திருக்கிறேன். ஒரு பெரிய வீட்டுச் சமையல்கட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், அந்த வீட்டைப் பூட்டிய பிறகு சொந்தமாக அடுப்பு வைத்துவிட்டார். இந்த ஊரில் பலகாரக் கடை நடத்துகிற பல பேருக்கு இதே கதைதான். வீடுகள் பூட்டின, பாத்திரம் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனது, கைப்பக்குவம் மட்டும் தெருவுக்கு வந்துவிட்டது. நம்மைப் போல வெளியூர் ஆட்களுக்கு அது லாபம், முன்பென்றால் அந்த வளவுக்குள், அதாவது வீட்டு முற்றத்துக்குள், நமக்கு யார் இலை போட்டிருப்பார்கள்?

வெள்ளைப் பணியாரத்துக்கு அவர் அளவு சொன்னார். ஒரு உழக்கு பச்சரிசியைத் தலை தட்டிக்கொண்டு, அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்கிற வரைக்கும் கொட்டுவது, அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் சேர்த்தே ஊறவைத்து நைஸாக ஆட்டி, காய்ந்த எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்ற வேண்டும். ஒன்று வெந்து எடுத்த பிறகுதான் அடுத்தது, அவசரமாக இரண்டு ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி, அது நாக்கைத் தீட்டிவிடும்.

எட்டிக்கூட நிற்க முடியாத கூட்டம், இருந்தாலும் ஆச்சி ஒரு சின்னக் கிண்ணத்தில் கும்மாயம் எடுத்துவைத்திருந்தார். உளுந்தையும் பாசிப்பருப்பையும் பச்சரிசியையும் வறுத்துத் திரித்த மாவு, கருப்பட்டி, நெய். ஆடியில் செய்வது, அதனால் ஆடிக்கும்மாயம் என்றே பேர். “இன்னங் கொஞ்சம் நெய் விட்டிருக்கணும் அப்பு, இப்ப நெய் விக்கிற விலைக்கு...” என்று அவரே குறை சொல்லிக்கொண்டார். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம் உளுந்தங்களி கிண்டுவோம், அது இதற்குத் தங்கச்சி முறை என்று சொல்லலாம், ஆனால் அக்கா கொஞ்சம் வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

ஜூலை 20, ஞாயிறு

பைக்கில் கானாடுகாத்தான், அங்கிருந்து ஆத்தங்குடி. கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1912-ல் கட்டிய அரண்மனையை வெளியே இருந்து பார்த்தேன், எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். எனக்குப் பிடித்தது தெருக்கள்தான். ஒரு தெருவில் வீட்டு முகப்பு, அப்படியே வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கிறது. ஆகவே ஒரு தெருவில் எல்லாம் தூணும் சிற்பமுமாக இருக்க, பின்தெருவில் போனால் வெறும் மதிலும் சின்னக் கதவும்தான். சாமான் வண்டியும் விறகும் வேலைக்காரர்களும் வந்துபோன தெரு அது. நடந்து பார்க்கிறவர்கள் அந்தப் பின்தெருவிலும் நடக்க வேண்டும், அடுப்படி அந்தப் பக்கம்தானே. 2014-ல் இந்த ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள், அதற்குப் பிறகும் பூட்டு பூட்டாகத்தான் தொங்குகிறது.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் போடுவதைப் பார்த்தேன். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் சிமெண்டில் கலந்த சாயத்தைக் கையாலேயே ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காயவைத்து, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

இந்தப் பக்கம் மதியச் சாப்பாட்டுக்கு இடம் குறைவு. ஒரு டீக்கடையில் இடியாப்பமும் கத்தரிக்காய்க் கோசமல்லியும் மிச்சம் இருந்தது அதிர்ஷ்டம். வேகவைத்து மசித்த கத்தரிக்காய், புளித்தண்ணீர், தாளிப்பு, சமயத்தில் ஒரு உருளைக்கிழங்கு, அவ்வளவு லேசான சாமான். திரும்பும் வழியில் நண்பன் கட்டாயத்தில் ‘செட்டிநாடு’ பலகை போட்ட ஒரு கடையில் கோழி வாங்கினோம். ருசி, கலர், எண்ணெய் எல்லாம் எந்த ஊரிலும் கிடைப்பது, பில் மட்டும் அரண்மனை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கறி மெஸ்கள் ஈ ஓட்டுகின்றன, சைவ மெஸ் வாசலில் வரிசை. முக்கால் மணி நேரத்தில் உள்ளே போகவே முடியவில்லை. ஐந்து விளக்குப் பக்கம் தள்ளுவண்டியில் மசாலா சீயம் என்கிற எண்ணெய்ப் பலகாரமும் டீயும், அதுவே மதியச் சாப்பாடு. சும்மா சொல்லக்கூடாது, பசி அடங்கியது.

ஜூலை 27, ஞாயிறு

கறிச் சாப்பாடு. உட்கார்ந்ததும் ஒரு பெரிய தட்டில் கிண்ணம் கிண்ணமாக அடுக்கி எதிரே நீட்டுகிறார்கள், சுக்கா, காடை, இறால், கோலா உருண்டை, நண்டு, வேண்டியதை விரலால் காட்டினால் போதும். நண்டும் மீனும் தொண்டிப் பக்கத்திலிருந்து வருகின்றன. கோழிக்குழம்பு தண்ணியாக இருந்தது, வேண்டுமென்றே தண்ணியாக. சோம்பு, மிளகு, அப்புறம் கல்பாசி. பாறையிலும் மரத்திலும் படர்கிற அந்தக் கருப்புச் சருகை மோந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது, சூடான எண்ணெயில் விழுந்தால்தான் அது யாரென்று தெரியும். மிளகு, அன்னாசிப்பூ எல்லாம் இந்தக் காய்ந்த மண்ணில் விளைவது இல்லை, இந்த ஊர்ச் செட்டியார்கள் வியாபாரத்துக்குப் போன இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை, பர்மாவிலிருந்து கவுனி அரிசி வந்ததைப் போல. வந்ததை எல்லாம் அள்ளிக் கொட்டாமல் ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொண்டதில்தான் இந்தச் சமையலின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்த நிறுத்தம்தான் ரோட்டோரப் பலகைக் கடைகளுக்குத் தெரியவில்லை.

கோலா உருண்டை ஒன்றரை மணிக்கு மேல் இருக்காது. பக்கத்து இலைக்காரர் கடைசி இரண்டையும் வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு ஆடிப்பெருக்கு, பன்னிரண்டரைக்கே போய் உட்கார வேண்டும்.