மணல்ல பைக் ஓட்டப் போறீங்களா?
பாலைவன ஆஃப்ரோடு டூர் கிளம்புறவங்க கவனத்துக்கு. மணல் தொடங்குற இடத்துலயே டயர் காத்தை 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிடுங்க. ரிம் லாக் (டயரை ரிம்மோட இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்) இல்லாத வண்டின்னா அதுக்குக் கீழ வேண்டாம். டயர் ரிம்முல வழுக்கிச் சுத்தி, டியூப் வால்வைப் பிடுங்கிடும். கல் தரை வந்ததும் திரும்பக் காத்து ஏத்தணும், இல்லன்னா டியூப் நசுங்கிப் பஞ்சர்.

ஃபுட்பெக்ல (கால் வைக்கிற கட்டையில) எழுந்து நின்னு, எடையைக் கொஞ்சம் பின்னால வச்சு, த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) விடாம ஓட்டுங்க. ஹேண்டில் ஆடத்தான் செய்யும், ஆடட்டும். பயந்து த்ராட்டிலை மூடினா முன்சக்கரம் புதைஞ்சு ஆளைத் தூக்கிப் போடும். பின்சக்கரம் புதைஞ்சா த்ராட்டிலை முறுக்காதீங்க, கிளட்ச் பிளேட் கருகும். வண்டியைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் படுக்க வச்சு, குழியை மணலால மூடிட்டு நிமிர்த்துங்க.

பாதை பிரியுற இடத்துல, பின்னால வர்றவங்களுக்கு வழி காட்ட டூர் லீடர் நிக்க வச்சுட்டுப் போற ஆள், கடைசி வண்டி வர்ற வரைக்கும் நகரவே கூடாது. போட்டோ எடுக்கக்கூட!