குடோனின் பூர்வீகம் நம் பக்கம்தான்

குடோன் இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊரில் புழங்கும் சொல் இல்லை. கிழக்கே வியாபாரத்துக்கு வந்த காலத்தில் அவர்கள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். மலாயில் அது 'கூடாங்'. சரி, மலாய்க்கு எங்கிருந்து வந்தது? 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி தென்னிந்தியாவைத்தான் காட்டுகிறது: தெலுங்கில் கிட்டங்கி, தமிழில் கிடங்கு. 'கிட' என்பதுதான் வேர். சரக்கு கிடக்கும் இடம் கிடங்கு. சங்கப் பாட்டில் இதே சொல் கோட்டை அகழியைக் குறிக்கிறது, அது தனிக்கதை.

செட்டிநாட்டில் வளர்ந்த எனக்கு இதில் தனிப் பெருமை உண்டு. கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன எங்கள் ஐயாமார் (தாத்தாமார்) சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் தங்கிய இடத்துக்குப் பெயரே கிட்டங்கி. ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு மேசை, உட்காரக் கொஞ்சம் தரை; பகலில் வட்டிக்கடை, ராத்திரி அங்கேயே படுக்கை. சரக்குக்கு வைத்த பெயர் மனிதர்களுக்கும் ஆகிவிட்டது. எங்கள் அப்பத்தா, "ஐயா கிட்டங்கியில இருந்தப்ப" என்றுதான் எந்தக் கதையையும் தொடங்குவார்கள்.

காரைக்குடியில் இன்று பாதிக் கடைகளில் குடோன் என்றே எழுதியிருக்கிறார்கள். கிட்டங்கி என்று ஒரு பலகையாவது தொங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.