"ஹாக் இதற்கு என்ன சொல்லுவார்?"

1970களின் நடுவில் தாம்பரத்தில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் நான் தத்துவ முதுகலை படித்தபோது, அங்கே தத்துவம் கற்பித்து முதல்வராகவும் இருந்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் மறைந்து இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும் எங்கள் பேராசிரியர், அவர் அடுத்த அறையில் இருப்பதைப் போலவே, "ஹாக் இதற்கு என்ன சொல்லுவார்?" என்று வகுப்பில் கேட்பார்.

ஸ்காட்லாந்து மிஷனரிக் குடும்பமொன்றில் 1875-இல் எகிப்தில் பிறந்த ஹாக், எடின்பரோவில் தத்துவம் பயின்றார். பின்னர் இறையியல் படிக்கையில் அவருடைய சமய நம்பிக்கையே ஆட்டம் கண்டது. திருச்சபையின் கோட்பாடுகளை மனமொப்பி ஏற்க முடியாத நிலையில், குருப்பட்டம் பெறாத மிஷனரியாகவே 1903-இல் சென்னைக்கு வந்தார். இறைவன்மீது வைக்கும் பற்றுறுதி வேறு, அதைச் சொல்லில் வடிக்கும் கோட்பாடுகள் வேறு என்று அவர் பிற்காலத்தில் வற்புறுத்தியது ஏட்டறிவால் வந்ததன்று, பட்டறிந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று மிஷனரிகள் பலர் கூறிவந்த காலத்தில், அதை மறுத்து முதுகலை ஆய்வேடு எழுதிய இளைஞர்தாம் ஹாக்கின் மாணவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1908-இல் அச்சேறிய அந்த ஆய்வேட்டில், சிக்கலான வாதத்தை எளிதாகக் கையாளும் ஆற்றலைக் கண்டு ஹாக் பாராட்டிச் சான்றளித்தார்.

1928 முதல் பத்தாண்டுகள் முதல்வராக இருந்து, ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து கல்லூரியை 1937-இல் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தவரும் ஹாக்தான். மறு ஆண்டு அவ்வளாகத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டையொட்டி, கிறித்துவ வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்ற டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமரின் நிலைப்பாட்டை மறுத்து, பிற சமயத்தாரின் உள்ளத்திலும் இறைவன் மறுமொழி தரும் மெய்யான பற்றுறுதி உண்டு என்று எழுதினார். ஒரு மிஷனரி அன்று இதை எழுதத் துணிந்தது எளிய செயலன்று. தாயகம் திரும்பிய பின்னும் இந்து சமயத்தாருடனான உரையாடல் குறித்தே சிந்தித்து எழுதிவந்த அவர், 1954-இல் காலமானார்.

அவருடைய 'கர்மமும் மீட்பும்' என்ற ஆங்கில நூலை (1909) நான் கல்லூரி நூலகத்தில் படித்தேன். வினைக்கொள்கையை நீதிமன்றத் தீர்ப்பைப் போன்ற ஒழுங்காகவும், கிறித்துவத்தின் இறைவனை அறவுறவுக்கு உரியவராகவும் எதிரெதிரே நிறுத்தி அதில் வாதிடுகிறார். தேவாரம் கேட்டு வளர்ந்த எனக்கு இது பொருந்தவில்லை. வினையை அருள் வெல்லும் என்னும் சைவ சித்தாந்தத்துக்கு அவர் உரிய இடம் தரவில்லை என்று கருத்தரங்கக் கட்டுரையில் எழுதி, தயக்கத்துடன் ஒப்படைத்தேன். பேராசிரியர் அதன் ஓரத்தில், "இதை ஹாக் படித்திருக்க வேண்டும்" என்று பென்சிலால் குறித்துத் திருப்பித் தந்தார். அந்தத் தாள் லண்டனில் இன்றும் என்னிடம் இருக்கிறது.